வெள்ளைப் பருந்தும் என் வாட்ஸ்அப் புகழும்

வெள்ளையாக ஒரு பருந்து தெரிந்துவிட்டால் என் புத்தி வேலைநிறுத்தம் செய்துவிடும். தாமிரபரணிக் கரையில் பறவை பார்க்கிறேன் என்று திரியும் நான் 'கண்டுபிடித்த' அபூர்வங்கள் எல்லாமே இயல்பிலேயே அப்படி இருப்பவை.

முதல் அவமானம் சேரன்மகாதேவிப் பக்கத்து வயலில். பிசான நெல் பால்பிடிக்கும் சமயம். அந்தரத்தில் நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைப் பருந்து. தொலைநோக்கியில் பார்த்தால் கண் ரத்தச் சிவப்பு! நிறமி இல்லாத உயிருக்குக் கண் சிவந்திருக்கும் என்று எங்கோ அரைகுறையாகப் படித்தது போதாதா? 'நெல்லையில் அல்பினோ பருந்து' என்று வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டேன். வரப்பில் நின்ற இளவட்டம் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது எலி பிடிக்க வார பருந்துல்லா? எங்க தாத்தா காலத்துலேருந்தே வெள்ளையாத்தான் சுத்துது."

கருந்தோள் பருந்து. வளர்ந்த பறவைக்குச் சிவந்த கண் சொந்த நிறம். தோளில் அத்தனை பெரிய கறுப்புப் பட்டை இருக்க, நிறமியே இல்லை என்று எப்படித்தான் எழுதினேனோ! அழிப்பதற்குள் படம் தூத்துக்குடி வரை போய்விட்டது.

வெட்கம் பிடுங்கவே படிக்க உட்கார்ந்தேன். மெலனின் அறவே உருவாகாவிட்டால்தான் அல்பினிசம். பார்வையும் மங்கும் என்பதால் அந்தப் பறவைகள் காட்டில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை; கண்ணை நம்பி இரை பிடிக்கும் பருந்தின் கதி இன்னும் மோசம். லூசிசம் வேறு: இறகுக்கு நிறமி போய்ச் சேராது, கண் வழக்கம்போல் இருக்கும். அனில் மஹாபல், ஹெய்ன் வான் க்ரூவ் முதலானோர் இந்தியப் பறவைகளின் நிறக் கோளாறுகளை அலசி 2016-ல் 'டச்சு பேர்டிங்' இதழில் எழுதியிருக்கிறார்கள். 'அல்பினோ' என்று பதிவானவற்றில் பெரும்பாலானவை அல்பினோவே அல்லவாம். எனக்கு நாடெங்கும் உறவினர்கள் இருக்கிறார்கள் என்று ஓர் ஆறுதல்.

மெலனின் இறகுக்கு உறுதியும் தரும். வெள்ளைப் பறவைகள் பலவற்றுக்குச் சிறகு நுனி கறுத்திருப்பது அதனால்தான். திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் உண்ட கழுகுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். இளமையில் பழுப்பு, வளர்ந்தால் வெள்ளை, சிறகோரம் கறுப்பு.

இவ்வளவும் படித்த பிறகு, மார்கழியில் கங்கைகொண்டான் பொட்டலில் தாழப் பறந்த ஒன்றைப் பார்த்து 'லூசிசம்!' என்று கத்தினேன். மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் வெளிர் பூனைப்பருந்தின் ஆண் அது. சிறகு நுனிக் கறுப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிவைத்து ஒரு கள்ளப்பருந்தை வெளுத்த கதையைச் சொல்ல மானம் இடம்தரவில்லை, சொல்லியும்விட்டேன்.

அப்புறம் எச்சரிக்கை முற்றிப்போயிற்று. ஆற்றுப்பாலத்துக்கு மேல் சுற்றிய கள்ளப்பருந்தின் ஒரு சிறகில் மட்டும் ஓரிரு இறகுகள் வெள்ளையாக இருந்த படத்தை நண்பர் காட்டினார். "கொக்கு எச்சம்" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டேன். என் கைக்கு வந்த ஒரே நிஜமான நிறக் கோளாறு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நெல்லைப் பக்கம் வெள்ளைப் பருந்தைக் கண்டால் கண், அலகு, கால், சிறகு நுனி எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். மணிமுத்தாறில் ஏட்ரீ அமைப்பின் மையம் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள், அவர்களிடம் காட்டுங்கள். தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.