ஆண்டவன் ஆபீஸ்

கேள்வி: ஐ.டி. கம்பெனியை விட்டுவிட்டு மாநில அரசு வேலைக்குத் தேர்வு எழுதப்போகிறேன் என்கிறான் மகன். விடலாமா?
– ஒரு வாசகி, ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு

பதில்: உங்கள் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறதே, ‘சர்க்காரத கெலச தேவர கெலச’ என்று. அரசு வேலை ஆண்டவன் வேலையாம். வாஸ்தவம்தான், இரண்டு இடத்திலும் மனுப் போட்டவர் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். விதான சௌதாவைக் கட்டிய கெங்கல் ஹனுமந்தய்யாவுக்கு, கட்டடம் முடிந்த 1956-லேயே முதல்வர் பதவி போய்விட்டது. குமாஸ்தாவின் நாற்காலியை அப்படி யாரும் அசைக்க முடியாது. ஆனால், 2006 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பொதுவாகப் பழைய பென்ஷன் இல்லை.

நானும் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு விதவையின் குடும்ப பென்ஷன் ஃபைல் என் மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்கு, மூன்றடி தூரம், போய்ச்சேர நாற்பது நாள். எரிச்சலில் பேனாவை உடைத்தேன்; அதற்குப் பதில் பேனா கேட்டு இன்னொரு ஃபைல். பணம் வந்ததும் அந்தம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நாலு முறுக்கின் ருசி, பிறகு வாங்கிய எந்தச் சம்பளத்திலும் இல்லை.

அதிருக்கட்டும். பையன் கன்னடம் பேசுவான், எழுதுவானா? கர்நாடக அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (கே.பி.எஸ்.சி.) தேர்வில் கட்டாயக் கன்னடத் தாள் உண்டு. முதலில் அதைக் கேளுங்கள் அம்மா.