ரம்மியில் இடம் பிடித்தல்: செய்யூர்த் திண்ணையை முன்வைத்து ஓர் ஆய்வு

போக்கர் ஆடுகிறவர்கள் கைக்கு வந்த சீட்டைவிட உட்கார்ந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அங்கே கடைசியாக வாய் திறப்பவனுக்கே லாபம். யார் பந்தயம் கட்டினார்கள், யார் சீட்டை மடக்கினார்கள் என்று பார்த்துவிட்டு அவன் முடிவெடுக்கலாம். ‘பட்டன்’ என்றொரு வில்லையை ஆட்டத்துக்கு ஆட்டம் நகர்த்தி, அந்த யோகத்தை எல்லாருக்கும் பங்கு வைக்கிறார்கள். செய்யூர்த் திண்ணை ரம்மியில் அந்தச் சமதர்மமெல்லாம் கிடையாது. முதலில் துண்டு போட்டவருக்கே இடம். 201 பாயிண்ட் ஆட்டம் முடியும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார்.

ஆறு பேர் ஆடினால் இரண்டு கட்டு, அச்சடித்த ஜோக்கர் இரண்டும் சேர்த்து 106 சீட்டு. ஆளுக்கு 13 போக மீதி 28. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஐந்து பேர் சீட்டு இறக்கினாலும் நாம் எடுக்க முடிவது நமக்கு முன்னால் ஆடுபவர் இறக்கியதை மட்டும்தான் என்பது, தெரிந்தும் யாரும் கணக்கில் சேர்க்காதது. மற்ற நால்வர் நமக்கு வேண்டிய இஸ்பேட் ராணியையே வீசினாலும் வேடிக்கைதான் பார்க்கலாம். ஆகவே முன்னவரைத் தேர்ந்தெடுப்பது, மனை வாங்குமுன் பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பதுபோல நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம்.

உத்தமமான முன்னவர், ஸ்கூட் விடுவதை, அதாவது ஆடாமலே சீட்டை வைத்துவிடுவதை, மானக்கேடாக நினைப்பவர். குறைந்த பாயிண்டோடு போக வேண்டிய கையை வைத்துக்கொண்டு, ஃபுல் 80 பாயிண்டும் ஏறிவிடுமோ என்ற பயத்தில் ராஜா ராணியை எல்லாம் மூன்றே சுற்றில் இறக்கிவிடுவார். இதற்கு நேர்மாறான இனமும் உண்டு: ஒரு சீட்டை உருவி, நம் முகத்தைப் பார்த்து, அதைத் திரும்பச் செருகி, வேறொன்றை இறக்குகிற ஓய்வுபெற்ற கணக்கர். அவருக்கு அடுத்து உட்கார்ந்தால் மூடிய கட்டுதான் கதி. நமக்கு அடுத்து அவரை உட்கார வைத்தாலும் நாம் இறக்குவதையெல்லாம் மனப்பாடம் செய்வார். எதிரே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பதே முறை.

காற்றையும் பார்க்க வேண்டும். கடல் கிழக்கே, சாயங்காலக் காற்று இறக்கிய சீட்டைப் புரட்டும். கிழக்கே முதுகு காட்டுபவர் ஊருக்கு உபகாரி, தனக்கு அல்ல: அவர் முதுகுப்பக்கம்தான் வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்பார்கள். அவருக்கு ஜோக்கர் வந்தால் அவர்கள் முகம் மலரும். எனவே முதுகுக்குச் சுவரே உத்தமம்.

கந்தசாமி கோயிலை ஒட்டி 27 நட்சத்திரங்களுக்கும் 27 வேதாளங்கள் உண்டு. தத்தம் வேதாளம் இருக்கும் திசை பார்த்து உட்கார்ந்தால் கை சேரும் என்று ஒரு மரபினர் வாதிடலாம். 27 நட்சத்திரக்காரர்களும் ஃபுல் வாங்குவதால் அதை மேற்கொண்டு ஆராயவில்லை.

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல், ஆந்திர அரசு தொடுத்த சத்தியநாராயணா வழக்கில் சொன்னது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பது, எதை வைத்துக்கொண்டு எதை இறக்குவது என்று தீர்மானிப்பது ஆகியவை திறமையாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் அதே பந்தியில் உட்கார வைத்தது. 2025-இல் வந்த மத்திய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்றே கேட்காமல், காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. அங்கே இடத்தை மென்பொருள்தான் ஒதுக்கும் என்பதால், இந்த ஆய்வுக்கு அதில் நஷ்டமில்லை.

1967 பட்டியலில் இடம் பிடிக்கும் திறமை விட்டுப்போயிருக்கிறது. அதையும் சேர்க்க வேண்டும் என்பது நம் முடிவு. ஆட்சேபம் உள்ளவர்கள் ஐந்து மணிக்குள் நேரில் வரலாம். காசு வைத்து ஆடுவதில்லை என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன்.