குந்துறதுக்கும் ஒரு யோகம் வேணும்

டெல்லிக்கு வேலைக்குப் போறியாமே பேராண்டி, சந்தோசம். போன கையோட ஜிம்முல சேரப்போறேன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாம். அங்க என்னடா கத்துத் தருவாங்கன்னா, 'ஸ்குவாட்' தாத்தாங்கற. கடைசியில பாத்தா குந்தி எழுந்திரிக்கிறது! நாங்க காலமெல்லாம் வரப்போரம் சும்மா செஞ்சதுக்கு நீ மாசாமாசம் பணம் கட்டப்போற. கட்டு, கட்டு. கக்கூசுல குந்தச் சொன்னா மட்டும் உனக்கு முழங்கால் வலிக்குது.

போகட்டும். அந்த ஊருல எங்க வேணா குந்திடாத. எடத்துக்கு எடம் வெல மாறும்.

2020 பிப்ரவரியில ஆனந்த் விகார் ரயிலடியில ஒரு மிசினு வச்சாங்க. 180 நொடிக்குள்ள 30 தடவ குந்தி எழுந்தா பிளாட்பார டிக்கெட் இலவசம். ரயில்வே மந்திரி பியூஷ் கோயலே வீடியோ போட்டுப் பெருமப்பட்டாரு. இத்தன தோப்புக்கரணம் வாங்கின பிள்ளையாரு ஒருநாளாவது ஒரு டிக்கெட் கிழிச்சிருப்பாரா? அடுத்த மாசமே ஊரடங்கு. மார்ச் 28ஆம் தேதி, அந்த ரயிலடிக்குப் பக்கத்துலயே இருக்கிற பஸ் நிலையத்துல ஆயிரக்கணக்கான கூலிக்காரச் சனம் மூட்டையும் புள்ளையுமா ஊருக்குப் போவ வண்டி தேடி நின்னுது, கால் கடுத்தா குந்துச்சு. அத எண்ணுறதுக்கு மிசினு இல்ல.

பாலம்ங்கற எடத்துப் பக்கம் போனா, பிந்தேஷ்வர் பாதக் 1992ல தொறந்த சுலப் கழிப்பறை மியூசியத்தப் பாரு. பிரான்சு ராசா குந்துன சிம்மாசனம் மாதிரியே ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க. அடியில கக்கூசு, மேல தர்பாரு. ராசாவ யாரு கேக்கறது.

ஊரான் நெலத்துல குந்துறதுன்னு இன்னொண்ணு இருக்குடா. அங்கதான் யோகம் வேணும். குந்தித் தின்னா குன்றும் மாளும்னு நம்ம பக்கம் சொல்லுவோம். டெல்லியில பெரிய மனுசன் குந்துனா பங்களாவா வளருது. சைனிக் ஃபார்ம்ஸ்னு தெக்கு டெல்லியில ஒரு காலனி. அங்கீகாரம் கெடையாது. 2019ல அங்கீகாரமில்லாத 1,731 காலனிக்குச் சொத்துரிமை தரோம்னப்ப, இது வசதிக்காரங்க எடம்னு ஒதுக்கி வச்சாங்க. ஒதுக்குனதோட சரி. காலனி ஜம்முனு நிக்குது.

அதே ஊருல ஜங்க்புரா பக்கம், பாராபுல்லா சாக்கடையோரம், மதராசி கேம்ப். பல வருசமா நம்ம தமிழ்ச்சனம் குந்தியிருந்த எடம். வீட்டுவேலையும் கூலிவேலையும் பாத்த சனம். சாக்கடை அடைச்சுக்கிட்டு மழைக்கு வெள்ளம் ஏறுதுன்னு கோர்ட்டு சொல்லிச்சு. 2025 ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வந்துது. கணக்குல 370 வீடு. தகுதி இருக்குதுன்னு எழுதின குடும்பத்துக்கு மட்டும் நரேலாவுல அடுக்குமாடி வீடு. வேல பாக்கற எடத்துலேருந்து அது கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். மீதிப் பேரு? தகுதியில்லாமப் பொறந்தவங்க, விடு.

அதனால வாடகைக்கு எழுத்து போட்டு, முன்பணம் குடுத்து, ரசீது வாங்கிட்டு அப்புறம் குந்து. ஞாயித்துக்கெழம ஜிம்மு லீவுதானே, நரேலாவுக்கு ஒரு நட போயி நம்ம சனத்தப் பாத்துட்டு வா. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணு லோதி எஸ்டேட்ல இருக்குது. கேம்ப்புப் புள்ளைங்களுக்குக் கிட்டத்துல இருந்துது. நரேலாவுல தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்ல.