பூகோளமும் புருஷனும்

பூகோளம் போதிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு ஸ்திரீக்கு, கங்கையும் காவேரியும் எங்கே உற்பத்தியாகி எங்கே சங்கமமாகின்றன என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்தும், தாலி கட்டிய புருஷன் எந்த ஊரில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியாமல் இருக்குமானால், அவள் ஒன்று அபாக்கியவதியாக இருக்க வேண்டும், அல்லது பட்டாளத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை. முதல் வகையிலும் சேர்த்திதான் என்பது என் தாயாரின் அபிப்பிராயம்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் உத்தியோகம் என்று என் தகப்பனார் கேட்டதற்கு, அவர்கள் "56 ஏ.பி.ஓ." என்று பதில் சொல்ல, அது வடக்கே ஏதோ ஒரு சிற்றூர் போலும் என்று எண்ணி, அங்கே நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று அவர் கவலையோடு விசாரித்தார். காஷ்மீரத்துப் பனியில் நிற்பவருக்கும் ராஜஸ்தானத்து மணலில் நிற்பவருக்கும் அந்த ஒரே விலாசந்தான் என்பதும், கடிதமெல்லாம் டில்லிக்குப் போய் அங்கே ராணுவத்தாரால் பிரிக்கப்பட்டு ரகசியமாகப் போய்ச் சேரும் என்பதும் விவாகத்துக்குப் பிறகே எங்களுக்கு விளங்கின. விலாசம் 99 ஏ.பி.ஓ. என்று மாறினால் கடிதம் கல்கத்தா வழியாகப் போகும். ஆக, என் கணவர் பாரத தேசத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறாரா, கிழக்குப் பக்கத்தில் இருக்கிறாரா என்கிற வரையில் சர்க்கார் என்னை நம்பியது.

மிச்சத்தை நான் கற்ற சாஸ்திரத்தைக் கொண்டு கண்டுபிடிக்கத் தலைப்பட்டேன். "இங்கே மழையே இல்லை, குளிர் மட்டும் எலும்பைத் துளைக்கிறது, உலர்ந்த சர்க்கரை பாதாமி நிறையக் கிடைக்கிறது" என்று 56-லிருந்து கடிதம் வந்தால் லடாக்கின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். "ஓயாத மழை, பூட்ஸுக்குள் அட்டை" என்று 99-லிருந்து வந்தால் பிரம்மபுத்திரைக்கு அப்பால் ஒரு புள்ளி. விடுமுறையில் வந்தவரிடம் அட்லஸை விரித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டால், அவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "காபி ஆறுகிறது" என்பார். இத்தனை வருஷம் பரீட்சை நடத்தியவளுக்கு ஒரு விடைத்தாளாவது திருத்திக் கிடைக்கவில்லை.

மாணவர்களும் அதே ஜாதி. 1963-இல் ராணுவத்தாரின் ரெஜிமெண்டுப் பள்ளிகள் 20-ஐ எடுத்துக்கொண்டு சர்க்கார் ஆரம்பித்த சென்ட்ரல் ஸ்கூல் வரிசையில் ஒன்றில்தான் நான் வேலைக்கு அமர்ந்தேன். ஊர் ஊராக மாற்றலாகும் தகப்பன்மாரின் குழந்தைகள் எங்கே போனாலும் ஒரே பாடத்தைப் படிக்கட்டும் என்பது அதன் உத்தேசம். ஒரு நாள், தகப்பனார் இப்போது இருக்கும் ஊரைப் படத்தில் காட்டு என்றதும், எட்டு வயதுப் பையன் ஒருவன் விறைப்பாக எழுந்து நின்று, அதைச் சொல்ல உத்தரவில்லை என்றான். அவனுக்கு முழு மதிப்பெண் போடுவதா, முட்டை போடுவதா என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமில்லை.

கண்டோன்மெண்டில் புருஷனுடைய பதவிதான் மனைவிக்கும். மாலையில் நடக்கும் குடும்ப நலக் கூட்டத்தில் கர்னலுடைய மனைவி முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருக்க, ஹவில்தாரின் மனைவியாகிய நான் பின்வரிசையில் ஒரு தூணுக்கு மறைவில் இருப்பேன். மறுநாள் காலையில் அதே அம்மாள், மகன் மகாநதியை அரபிக் கடலில் கொண்டுபோய் விட்டதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருப்பார்கள். நாற்காலி கொடுக்காமல் இருந்ததில்லை. சற்றுத் தாமதித்துக் கொடுத்ததுண்டு.

1971 டிசம்பரில் நான் அம்பாலாவில் இருந்தேன். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டு, அவருடைய விலாசம் 99 என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்த அந்த இரவுகளைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் சேனை சரணடைந்தது. வகுப்பில் தொங்கிய தேசப்படம் ஒரே சாயங்காலத்தில் பழசாகிவிட்டது. அதை மாற்றித் தரும்படி நான் எழுதிய விண்ணப்பத்துக்கு அனுமதி வருவதற்குள் பங்களாதேசத்துக்கு அரசியல் சாசனமே வந்துவிட்டது.

சுபேதாராக ஓய்வு பெற்று அவர் வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்துவிட்டார். தகர டிரங்குப் பெட்டியின் மேல், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார் என்று ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் அடித்து எழுதிய வெள்ளை எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. பெட்டியில் இருப்பதோ ஊறுகாய் ஜாடிகள். அவர் இருக்குமிடம் இப்போது எனக்குச் சதாகாலமும் தெரியும்: திண்ணை. சர்க்காருக்கோ அவர் எங்கே இருக்கிறார் என்பதில் இப்போது அக்கறையே இல்லை. இருக்கிறாரா என்பதில்தான் அக்கறை. ஆகவே வருஷந்தோறும் நவம்பரில் பென்ஷன்காரர்களாகிய நாங்கள் இருவரும், உயிரோடிருப்பதை நிரூபிப்பதற்காக வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கிறோம். என் கையெழுத்தைக் குமாஸ்தா உடனே ஒப்புக்கொள்கிறார். சுபேதாருடைய கையெழுத்து மட்டும் பழைய மாதிரிக்கு ஒத்துவராமல், இன்னொரு முறை போடச் சொல்கிறார்கள். கையெழுத்துப் பயிற்சியின் அவசியத்தைப் பற்றி வீடு வந்து சேரும்வரையில் நான் அவருக்கு எடுத்துரைத்துக்கொண்டே வருவேன். அவரும் பாதி வழியில், ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று சொல்லி எங்கேயோ போய்விடுவார்.