சேர்வராயன் மலைக் குளியலறைகளின் கதவெண்: ஓர் ஆராய்ச்சி

ஏற்காட்டில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. மலை முகட்டின் பாக்சைட்டை அளந்தாயிற்று. பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர் எழுதியாயிற்று. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் செடிகளை இனம் பிரித்து வளர்க்கிறார்கள். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் வந்து குடியிருந்ததும் இந்த மலையில்தான். ஒரு கல்லைப் பார்த்ததும், இது தானாக உடைந்ததல்ல, மனிதக் கை செதுக்கியது என்று சொல்லத் தெரிந்தவர் அவர். அப்பேர்ப்பட்டவரும் இங்குள்ள பங்களாக்களின் குளியலறைக்கு எத்தனை கதவு, அவற்றுக்குப் பின்னால் யார் கை என்ற கேள்வியை நமக்கு விட்டுவைத்துவிட்டார். அறிவுலகின் அந்த ஓட்டையை அடைக்கவே இக்கட்டுரை.

அவசரமும் வந்துவிட்டது. பழைய பங்களாக்கள் விருந்தினர் விடுதிகளாக மாறிவருகின்றன. மாறும்போது முதல் கடப்பாரை விழுவது குளியலறையில். டைல்ஸ் நீலமா வெள்ளையா, ஷவரா வாளியா, வெஸ்டர்னா இந்தியனா என்று பெரிய விவாதம் நடக்கிறது. இவையெல்லாம் கிளைக் கேள்விகள். தலைக் கேள்வி கதவு. ஒரு குளியலறைக்குள்ள கதவுகளின் எண்ணிக்கையை அதன் ‘கதவெண்’ என்று வைத்துக்கொள்வோம். இங்கே நிறுவப்படும் விதி இது: ஒருவர் குளித்து முடிக்கப் பிறர் கை எவ்வளவு தேவைப்படுகிறதோ, அவ்வளவுக்குக் கதவெண் ஏறும். இதற்கு ஒரு துணை விதியும் உண்டு: கதவை அடைத்துவிட்டதாலேயே அந்தக் கைகளுக்கு ஓய்வு கிடைத்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

சுழியத்திலிருந்து தொடங்குவோம். காப்பித் தோட்டத்துப் பழைய லைன் வீட்டில் குளியலறை என்பது பின்புறத்தில் ஒரு தட்டைக்கல். மூன்று பக்கம் தட்டி, நான்காம் பக்கம் பழைய சேலை. சேலை கதவாகுமா என்று கேட்டால், தாழ்ப்பாள் இல்லாதது கதவாகாது என்பதே இக்கட்டுரை கொள்ளும் இலக்கணம். சுள்ளி பொறுக்கியவரே அடுப்பை மூட்டி, அவரே விளாவி, அவரே ஊற்றிக்கொள்வார். பிறர் கை சுழியம், கதவும் சுழியம். காப்பி இந்த மலைக்கு வந்தது 1820களில். தொழிலாளருக்குக் கழிப்பிடம் கட்டித்தருவது முதலாளியின் கடமை என்று சொல்ல 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரவேண்டியிருந்தது. அடுத்தது கதவெண் ஒன்று: ஊருக்குள் இருக்கும் ஓட்டு வீடு. கரி போட்டு எரிக்கும் செம்புப் பாய்லர், ஒரு வாளி, ஒரு செம்பு. அந்த ஒரே கதவுக்கு வெளியே நின்று “வெந்நீர் காஞ்சிடுச்சு” என்று குரல் கொடுக்கும் பெண்மணிதான் அங்கே பிறர் கை. ‘குளி’ என்ற சொல் ‘குளிர்’ என்பதோடு உறவுடையது, உடம்பைக் குளிர்விப்பதே குளியல் என்பார்கள். அது சேலத்து வெயிலுக்கு ஏற்ற விளக்கம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி விடியலில் அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. இங்கே குளியல் என்றால் வெந்நீர். வெந்நீர் என்றால் அதைச் சுமந்து வருபவர்.

கதவெண் இரண்டுதான் பங்களா. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. ஒரு மூலையில் முழங்காலுக்கும் எட்டாத குட்டைச் சுவர், அதற்குள் தகரத் தொட்டி. எதிர்மூலையில் மரப்பெட்டி, அதற்குள் சட்டி. குழாய் என்ற பேச்சே கிடையாது. உள்கதவு வழியாகத் துரை வருவார். வெளிக்கதவு வழியாக வெந்நீர் வரும். அதே கதவு வழியாகச் சட்டி போகும். வெந்நீர் கொண்டுவந்தவரும் சட்டியை எடுத்துப்போனவரும் ஒரே ஆள் அல்லர், ஒரே சாதியும் அல்லர். இருவரும் துரையின் கண்ணில் படாமலிருக்கவே தச்சருக்கு அந்த இரண்டாம் கதவின் கூலி கொடுக்கப்பட்டது.

அது காற்றோட்டத்துக்கு வைத்த கதவு, அதில் இத்தனை வரலாற்றை ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கதவைத் திறந்து கீழே பார்த்தால் விடை கிடைக்கும்: இரண்டு கல்படி. காற்றுக்குப் படி வேண்டாம். அது சுவர் உச்சியிலுள்ள சிறு ஜன்னல் வழியாகவும் மங்களூர் ஓட்டு இடுக்கு வழியாகவும் தன்பாட்டுக்கு வந்துபோகும். படி என்றால் கால். குரங்குத் தொல்லைக்காக அந்தக் கதவை அடைத்தே ஆகவேண்டும் என்பது இன்னொரு வாதம். குரங்கு ஜன்னல் வழியாக வந்து சோப்போடு போகிறது. இந்த வழக்கில் அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது.

ஆனாலும் புதுப்பிப்பவர்கள் முதலில் செய்வது இரண்டாம் கதவைச் செங்கல் வைத்து அடைப்பதுதான். அதன் பலன் ஒரே மழைக்காலத்தில் தெரியும். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும் சுபாவமுடையது. அதன்மேல் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓட்டுக்கடியில் ஃபால்ஸ் சீலிங் அடித்தால் ஆவியும் மாட்டிக்கொள்ளும். துண்டு காயாது, மூலை கறுக்கும், டைல்ஸ் உப்பும். இனி கீசர். அதைப் பழைய சமையல்கட்டில் மாட்டி 20 மீட்டருக்குக் குழாய் இழுத்தால், 15 மில்லிமீட்டர் குழாயில் மூன்றரை லிட்டர் தண்ணீர் ஆறிக்கிடக்கும். அதாவது சுடுதண்ணீருக்கு முன் மூன்றரை மக் பனித்தண்ணீர். அந்தக் காலத்தில் வெந்நீர் டின்னைத் தூக்கி வந்த ஆள் இதைவிட வேகமாக வந்திருப்பார். ஆனால் இவை திருத்தக்கூடிய பிழைகள். கீசரைக் குளியலறைக்கே கொண்டுவந்தால் வெந்நீர் சுமந்த கைக்கு உண்மையாகவே விடுதலை.

சட்டி சுமந்த கையின் கதை வேறு. கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. போதிய பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சட்டியின் இடத்தில் இப்போது இருப்பது அந்த டேங்க்தான். மலையில் தண்ணீர் போகும் வழி பள்ளம். ஆகவே தொட்டி, சரிவின் அடியில், காப்பிச் செடிகளுக்கு நடுவே அமைகிறது. கழிவுநீர் லாரியோ மேலே சாலையில் நிற்கிறது. உறிஞ்சும் குழாய்க்கு உள்ள பலமெல்லாம் காற்றழுத்தம்தான். கடல் மட்டத்திலேயே அது தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் ஏற்றாது. ஏற்காட்டு உயரத்தில் கணக்குப்படியே எட்டரை மீட்டர். கசடும் நடைமுறையும் சேர்ந்தால் அதிலும் குறையும். அதற்குக் கீழே தொட்டி இருந்தால் குழாய் கைவிரிக்கும். யாராவது ஒருவரிடம் “கொஞ்சம் இறங்கிப் பாருப்பா” என்று சொல்லத் தோன்றும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு காத்திருக்கிறது. சுவரில் அடைத்த இரண்டாம் கதவு எங்கேயும் போய்விடவில்லை. தோட்டத்துக் கோடியில் சிமெண்ட் மூடியாகப் படுத்துக்கிடக்கிறது.

தொட்டியைச் சாலையோரம் வைத்தால் விடுதியின் அழகு கெடாதா என்பார்கள். மூடியின் மேல் பூத்தொட்டி வைத்தால் தீர்ந்தது. வீடே சாலைக்கு வெகு கீழே இருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. மண் நீரை உறிஞ்சும் இடமாக, கிணறோ ஊற்றோ பக்கத்தில் இல்லாததாக இருந்தால் இரட்டைக் குழி முறை உண்டு. அது பிந்தேஷ்வர் பாடக்கின் சுலப் கழிப்பறை இயக்கம் 1970களிலிருந்து பரப்பியது. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டால், முதல் குழியில் இருப்பது இரண்டு ஆண்டுகளில் நாற்றமில்லாத எருவாகிவிடும். வெறும் பாறையாக இருந்தால், அந்த இடத்தில் ஆறு அறைக்கு ஆறு குளியலறை கட்டும் ஆசையைக் குறைத்துக்கொள்வதே பொறியியல்.

ஆகவே தீர்ப்பு: பங்களாவின் இரண்டாம் கதவை அடைக்க வேண்டாம். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டு, வெயில் வரும் நாளில் திறந்துவைத்தால் துண்டாவது காயும். அடைபட வேண்டியது கீழே படுத்திருக்கும் கதவு. டைல்ஸ் கடைக்குக் கிளம்புமுன், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டுபோய், லாரி நிற்கும் இடத்துக்கும் தொட்டியின் அடிக்கும் எத்தனை மீட்டர் இறக்கம் என்று அளந்துவிடுங்கள். நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.