கத்தியிலக்கணம்: எருமப்பட்டிப் பாடம்

உலகத்துக் கத்திகள் எல்லாம் மூவிடத்துள் அடங்கும். தன் கைக்கும் தன் வேலைக்கும் அளவு சொல்லி, பட்டறையில் கூடவே உட்கார்ந்து அடித்து வாங்கியது தன்மைக் கத்தி. “கொஞ்சம் குடுங்க மாமா, வேலியில நாலு முள்ளு வெட்டிட்டுத் தந்தர்றேன்” என்று அடுத்தவர் வாங்கிப் போனது முன்னிலைக் கத்தி. திரும்பி வரும்போது வாயில் கல் பட்டிருக்கும். சந்தையில் சாக்கின் மேல் குவித்திருப்பது படர்க்கைக் கத்தி. எல்லாருக்கும் என்று செய்ததால் ஒருவர் கையிலும் சரியாக நிற்காது. இந்நூல் தன்மைக் கத்தியை மட்டும் ஆராயும்.

வழங்கு நிலம், கொல்லிமலை அடிவாரத்து எருமப்பட்டியும் சுற்றிய மேட்டுக்காடுகளும். சின்ன வெங்காயம், கடலை, மரவள்ளி, வெள்ளாடு, வேலிமுள் என்பன இந்நிலத்துக் கருப்பொருள் என்க.

இனி இரும்பு. அது புகழ் இரும்பு, லாரி இரும்பு என இருவகைப்படும். புகழ் இரும்பு சேலத்துக் கஞ்சமலைப் பக்கம் பிறந்தது. மூசையில் இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் இட்டு, மூடி உருக்கியெடுத்த உருக்கைச் சீமைக்காரர்கள் ‘ஊட்ஸ்’ என்றார்கள். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் ஊட்ஸைச் சோதித்துப் பார்த்தார். ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கும்பெனி உத்தியோகஸ்தர் சேலத்துக் கனிமத்தை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்து, கடைசியில் நொடித்தார். இவ்விரும்பின் பெருமை பேச ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. அதில் அடித்த கத்தியை எடுத்து ஒருவரும் தேங்காய் வெட்டிக் கண்டதில்லை.

ஆகவே லாரி இரும்பே மெய்யான முதற்பொருள். நாமக்கல் லாரிக்கு பாடி கட்டும் ஊர். வண்டியின் அடியில் அடுக்கிய ஸ்பிரிங் பட்டை, முட்டையும் தீவனமும் சுமந்து நாலைந்து மாநிலம் பார்த்துவிட்டு, வளைவு போனதும் பழைய இரும்புக் கடைக்கு வரும், அங்கிருந்து பட்டறைக்கு. நூற்றுக்குச் சுமார் 0.5 முதல் 0.6 பங்கு கரி கலந்த உருக்கு அது. கரி குறைந்தால் வாய் மடங்கும், மிகுந்தால் தெறிக்கும். பட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகக் கத்தி அடிப்பவர்களும் 5160 என்று எண்ணிட்ட பட்டை இரும்பைத்தான் தேடுகிறார்கள். நம் ஆசாரி எண் கேட்பதில்லை. சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பார். கணீரென்றால் எடுப்பார், சத்தம் கம்மினால் உள்ளே விரிசல், “இது வேண்டாங்க” என்று ஓரமாகப் போடுவார். பழைய அரத்தைக் காய்ச்சி அடிப்பதும் உண்டு. அதில் கரி இரு மடங்கு. வெங்காயத் தாள் அறுக்க அருமையாக ஓடும், கல்லில் விழுந்தால் இரண்டாகும்.

உறுப்புகள் வாய், மூக்கு, முதுகு, காம்பு, பூண், பிடி. வம்பு வருவது பிடியில். பூவரசா வாகையா என்று திண்ணையில் வழக்காடுவார்கள். மரம் எதுவானாலும் பிடி உருண்டையாக இருக்கக் கூடாது என்பதே விதி. முட்டை வாட்டமாக இருந்தால்தான் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண் பார்க்காமலே கைக்குத் தெரியும், வெட்டும்போது திருகாது.

செய்விப்போர் நால்வகையர். தேய்ந்த கொடுவாளை நீட்டி “இதே மாதிரி வேணும், ஆனா இப்படி வேண்டாம்” என்பவர் முதல்வகை. செருப்புப் பெட்டி அட்டையில் வடிவம் வெட்டி வருபவர் இரண்டாம் வகை. எனக்கு இவர்மேல் மதிப்பு உண்டு, அட்டைக்குக் கனம் கிடையாது என்பதை மட்டும் இவர் மறந்துவிடுகிறார். மூன்றாமவர் ஒன்றும் கொண்டு வருவதில்லை. வெறுங்கையால் காற்றில் வெட்டிக் காட்டுவார். ஆசாரிக்குப் பிடித்தவர் இவர்தான், ஏனென்றால் மணிக்கட்டு பொய் சொல்லாது. ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர் கை மேலே போய் இழுத்துக்கொண்டு இறங்கும். அவருக்கு மூக்கு வளைந்து, முனையில் கனம் வேண்டும். மரவள்ளிக் கரணை நறுக்குபவர் கை குட்டையாக விழும். அவருக்கு மெல்லிய நேர்வாய், ஏனென்றால் நசுங்கிய கரணை முளைக்காமல் அழுகும். இடக்கையரும் இவ்வகையில் அடங்குவர். ஒருபக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டும் அருவாள் இடக்கையில் கோணலாக ஓடும். சாய்வை மறுபக்கம் மாற்றித் தந்தாலொழிய அவருக்கு விமோசனம் இல்லை.

நாலாமவர் கைப்பேசியர். காட்டில் தீ மூட்டி, கட்டை பிளந்து, மீன் சுடும் வெள்ளைக்காரர் இடுப்பிலுள்ள கத்தியைப் படமாகக் காட்டுவார். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் பொந்து, பொந்துக்குள் தூண்டில் முள். இவ்வகையினர் பெருகிவருவதால் இந்நூலாசிரியர் கவலை கொள்கிறார்.

தொழிலியலில் ஒன்றே ஒன்று சொல்வேன், தோய்ச்சல். பட்டறையை இருட்டாக வைத்திருப்பது கரண்டு மிச்சம் பிடிக்க அன்று. நெருப்பின் நிறம் வெயிலில் ஏமாற்றும். செவ்வெளிச்சம் ஒரே சீராக ஏறியதும், ஆசாரி வாய்ப்புறத்தை மட்டும் ஒரு விரற்கடை முக்கி எடுக்கிறார். உடனே செங்கல் துண்டால் பரபரவென்று தேய்க்கிறார். கறுப்புப் போய் வெள்ளை தெரிகிறது. முதுகில் மிச்சமிருக்கும் சூடு அந்த வெள்ளையின்மேல் நிறமாக இறங்குகிறது: முதலில் வைக்கோல் மஞ்சள், அதன்பின் பழுப்பு, பின்னாலேயே ஊதா, நீலம். மஞ்சளில் நிறுத்தினால் வாய் உதிரும், நீலம் வாய்க்கு வந்துவிட்டால் மழுங்கும். பழுப்பு ஊதாவைத் தொடும் இடத்தில் முழுக்க முக்குகிறார். இவ்வளவும் ஒரு பீடி பற்றவைக்கும் நேரம். வாடிக்கைக்காரர் அப்போது பேசக் கூடாது.

இறுதியாகச் சட்டவியல். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தது விலக்கு. கொடுவாள் இவ்விலக்கில் பிழைக்கிறது. 2021-ல் தமிழகக் காவல்துறை, கத்தி வாங்குபவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதைப் பட்டறையில் எழுதி வைக்கச் சொன்னது. அன்று முதல் ஆசாரியும் வகைநூலார் ஆனார். கரணைக்கு, தழைக்கு, வேலிக்கு என்று கடைசிக் கட்டம் நிரம்பிக்கொண்டே வந்தது, கைப்பேசியர் ஒருவர் வரும்வரை.

“எதுக்குன்னு எழுதட்டுங்க தம்பி?”

“ட்ரெக்கிங்குக்குங்கண்ணா. கொல்லிமலை போவோம்.”

“எழுபது வளைவையும் பஸ்ஸே ஏறுது. கத்தி எதுக்கு?”

தம்பி யோசித்தார். ஆசாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘ஆட்டுக்குத் தழை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தம்பி வீட்டில் ஆடு கிடையாது.