ராட்சசன் கட்டிலில் படுத்தது யார்?

நெதர்லாந்தின் வடகிழக்கு மூலையில் டிரென்த என்று ஒரு மாகாணம். ஆடு, சைக்கிள், உருளைக்கிழங்கு வயல் என்று பரம சாதுவான ஊர்ப்புறம். நடுவில் திடீரென்று, பில் பாஸாகாத கோபத்தில் பில்டர் பாதியில் விட்டுப்போன சைட் மாதிரி பெரிய பெரிய பாறைகள் கிடக்கும். இரண்டு வரிசையாகக் கற்கள் நிற்க, மேலே மூடி போட்ட மாதிரி இன்னும் பெரிய கற்கள். நாம் கற்திட்டை என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ரகக் கல்லறை. டச்சுக்காரர்கள் வைத்த பெயர் ஹ்யூனெபெட். நாட்டில் மொத்தம் 54 மிச்சம். அதில் 52 டிரென்தவில். வயது 5,000-க்கு மேல். கீசா பிரமிடுக்கே அண்ணன் முறை. ஆனால் தம்பிக்கு அமைந்த பி.ஆர்.ஓ. அண்ணனுக்கு அமையவில்லை.

இருப்பதிலேயே பெரியது போர்ஹர் கிராமத்தில் இருக்கிறது. நீளம் இருபத்திரண்டரை மீட்டர், 47 கற்கள். கனமான கல் ஒன்று சுமார் 20 டன். நாலு கொம்பன் யானையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தால் என்ன எடையோ, அது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு பீரோ ஏற்றியவர்களுக்கு இந்த இடத்தில் கண் கலங்கும்.

நல்லவேளையாக, கல்லை மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவரும் வேலை இல்லை. சுமார் ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாறை, அந்தக் கற்களையும் உருட்டிவந்து டிரென்தவில் இறக்கிவிட்டு உருகிப்போனது. டெலிவரி சார்ஜ் கிடையாது. ரிட்டர்னும் கிடையாது.

சரி, அடுக்கியது யார்? இந்தக் கேள்விக்கு டச்சுக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொன்ன பதில்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும்: 'எங்க ஊர் விவசாயி' என்ற பதிலைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள்.

1547 வாக்கில் ஒரு பாதிரியார், இவை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் குறிப்பிட்ட ஹெர்குலிஸ் தூண்களாக இருக்கலாம் என்று எழுதிவைத்தார். கிரேக்க ஹீரோ எதற்கு மெனக்கெட்டு உருளைக்கிழங்கு ஊருக்கு வரவேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. (அப்போது உருளைக்கிழங்கும் அங்கே வந்திருக்கவில்லை.) ரோல்ட என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்த கற்குவியலுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயரையும் அவர் விடாமல் குறித்திருக்கிறார். பெயரின் முன்பாதி 'பிசாசின்'. பின்பாதி ஓர் அவயவம். குடும்பப் பத்திரிகை என்பதால் நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன்.

அடுத்து, 1660-ல் யோஹன் பிகார்ட். கூவோர்டன் ஊர்ப் பாதிரியார், வைத்தியமும் தெரிந்தவர், அதாவது ஊரில் எதிர்த்துப் பேச ஆளில்லாதவர். கட்டியது ராட்சசர்கள்தான் என்று புத்தகமே போட்டார், படத்தோடு. ஹ்யூனெபெட் என்ற சொல்லுக்கே 'ராட்சசன் படுக்கை' என்றுதானே அர்த்தம், வேறென்ன ஆதாரம் வேண்டும்? படத்தில் ராட்சசர்கள் பாறையைச் செங்கல் மாதிரி அடுக்குகிறார்கள்; காலடியில் சாமானியர்கள் சுண்டைக்காய் சைஸில் நிற்கிறார்கள். அந்தச் சுண்டைக்காய்கள்தான் நிஜமான கான்ட்ராக்டர்கள் என்பது பாவம் பிகார்டுக்குத் தெரியாது.

பேசிக்கொண்டே இருந்தவர்களுக்கு நடுவில் தோண்டிப் பார்த்தவர் ஒரு கவிஞர். பெயர் டிட்சியா ப்ரொங்கெர்ஸ்மா. 1685-ல் போர்ஹருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்தாட வந்தவர், 'அந்தக் கல்லுக்கு அடியில் என்னதான் இருக்கிறது?' என்று ஆள்விட்டுத் தோண்டவைத்தார். பானைகள் வந்தன; கை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. நெதர்லாந்தின் முதல் அகழாய்வாளர் என்று இன்று இவரைத்தான் கொண்டாடுகிறார்கள். ராட்சசர் கதையை நம்பாத கெட்டிக்காரி. ஆனால் கவிஞராயிற்றே, இயற்கை அன்னையின் கோயில் என்று முடிவுகட்டி ஒரு பாட்டும் எழுதிவிட்டார்.

இந்தக் கற்களைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால் என் ஓட்டு ஒரு புழுவுக்கு. 1730-களில் டச்சுக் கடலோரத்து அணைக்கரைகளின் மரக்கட்டைகளைக் கப்பல்புழு என்ற ஜந்து உள்ளுக்குள்ளேயே குடைந்து சல்லடையாக்கியது. (வம்சப்படி பார்த்தால் அது புழுவே இல்லை, நத்தை, கிளிஞ்சல் உறவு.) கடல் உள்ளே வந்தால் பாதி நாடு காலி. மரம் வேண்டாம், கல்லைப் போடு என்றார்கள். நெதர்லாந்தில் கல்லுக்கு எங்கே போவது? எல்லார் பார்வையும் தாத்தாக்களின் கல்லறைப் பக்கம் திரும்பியது. ஆளாளுக்கு விற்க ஆரம்பித்ததும் 1734-ல் டிரென்த நிர்வாகம் பதறி, தொடக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஐரோப்பாவின் ஆரம்பகாலத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டங்களில் இதுவும் ஒன்று. அதே உத்தரவில் வயல் எல்லைக்கற்களைப் பிடுங்காதே என்ற கண்டிப்பும் இருக்கிறது. பாரம்பரியத்தின் மேல் எவ்வளவு பாசம், பக்கத்து வயல்காரன் மேல் எவ்வளவு சந்தேகம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

திருடனிடமிருந்து தப்பியது, சுத்தக்காரனிடம் மாட்டியது. 1870-களில் அரசு பொறுப்பேற்று 'சீரமைப்பு' ஆரம்பித்தது. கற்களைச் சுற்றியிருந்த மண்ணைப் பார்த்து, காற்றில் அடித்துவந்த குப்பை மணல் என்று வாரி எறிந்துவிட்டார்கள். அது குப்பை இல்லை சார், கூரை! கட்டியவர்கள் மொத்தக் கல்லறையையும் மண்ணால் மூடி ஒரு மேடாகத்தான் விட்டிருந்தார்கள். 1878-ல் இங்கிலாந்திலிருந்து லூகிஸ், டிரைடன் என்று இரண்டு ஆங்கிலேயர்கள் நோட்டும் அளவு டேப்புமாக வந்து, மிச்சத்தையாவது வரைந்துவைப்போம் என்று வரைந்துகொண்டு போனார்கள். ஆக, இன்று போஸ்ட் கார்டில் நாம் வாய் பிளக்கும் அந்தக் கம்பீரம், இறகு பிடுங்கிய கோழியின் கம்பீரம்.

உண்மையில் கட்டியவர்கள் கி.மு. 3400 வாக்கில் அங்கே விதைத்து, மாடு மேய்த்துக்கொண்டிருந்த குடியானவர்கள். உருளைக்கட்டை, கயிறு, எருது, மண் சாய்தளம், ஊர்கூடித் தம் பிடித்தல் என்றுதான் தொல்லியல்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். தாங்கள் குடியிருந்தது மரமும் மண்ணுமான வீட்டில். இன்று தேடினால் கம்பம் நட்ட குழியின் கறைதான் மிச்சம். செத்தவர்களுக்கோ கருங்கல் அபார்ட்மென்ட். அந்த மக்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்களோ, நாம் அவர்களுடைய பானையின் வாய் புனல்போல் விரிந்திருக்கிறது என்பதால் 'புனல்வாய்க் குவளைப் பண்பாடு' என்று பெயர் வைத்துவிட்டோம். ஐயாயிரம் வருஷம் கழித்து நம்மை 'எவர்சில்வர் டம்ளர் பண்பாடு' என்றால் சும்மா இருப்போமா?

இதில் பெரிய கூத்து, உள்ளே படுக்கவைத்த ஆசாமிகளைத்தான் காணோம். டிரென்த மணலின் அமிலத்தில் எலும்பெல்லாம் கரைந்தே போயிற்று. ஹாவெல்ட என்ற ஊரின் ஒரே கல்லறையில் 600-க்கும் மேற்பட்ட பானைகளின் ஓடுகள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோம், பந்திப் பாத்திரம் மட்டும் பத்திரம்.

அந்த ஓடுகளை 1918-ல் தோண்டியெடுத்தவர் பேராசிரியர் வான் கிஃபன். ஒவ்வொரு கல்லறைக்கும் டி27, டி53 என்று ஃபிளாட் நம்பர் ஒட்டியவரும் இவர்தான். கல் காணாமல்போன குழிகளில் காங்கிரீட் அடைத்துவைத்தார். டச்சுக்காரர்கள் அதைப் பல் சொத்தைக்கு அடைக்கும் 'ப்ளோம்ப' என்ற பெயராலேயே சொல்கிறார்கள். கல்லுக்குக் கல் அளந்து, வரைந்து, அட்லஸே போட்டார். இத்தனை நுணுக்கம் எதற்கு என்று அப்போது யாராவது அலுத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஹாவெல்டவில் ஜெர்மானியர்கள் விமானத்தளம் போட்டார்கள். அந்தப் பானைக் கல்லறை, அதாவது டி53, குறுக்கே நின்றது. பிரித்துப்போட்டு, பள்ளம் வெட்டி, அத்தனை கல்லையும் உள்ளே தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்கள். கல்லறைக்கே சவ அடக்கம்.

போர் முடிந்தது. வான் கிஃபன் தன் பழைய வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கற்களைத் தோண்டியெடுத்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே மறுபடி நிறுத்தினார். மண்ணை மட்டும் மேலே போடவில்லை.